கிரேக்கமும் நமக்குரியதே
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

கால் நூற்றாண்டுக்கு முன் இச்சங்கம் தொடங்கப்பெற்ற காலை, நம் தெருவுக்கு ஒரு பிள்ளையேனும் பத்தாம் வகுப்பைக் கடத்தல் வேண்டும் என்பதே பெரியோர்களின் வேணவாவாக இருந்தது. இன்று நம்மிடையே ஆசிரியர் உளர், செவிலியர் உளர், பொறியாளர் உளர். இவ்வளர்ச்சியைக் கண்டு மகிழும் இந்நாளில், "அயல்நாட்டில் கிரேக்கவியல் ஆய்வு நல்கை" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். தலைப்பு அறிவிக்கப்பட்டவுடன் அவையில் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டோம். அதில் வியப்பில்லை. வெம்பக்கோட்டைச் சாலையில் வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனுக்குக் காத்து நிற்கும் குடும்பத்திற்கும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு மொழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது இயல்பேயாகும். அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் பணியாற்றும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதே கேள்வியை வேறு வகையில் கேட்டாள். "ஐயா, இதெல்லாம் நம்மள மாதிரி ஆளுக படிக்கிறதா?" என்றாள். வேலை கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. நமக்கு உரிமை உண்டா என்றே கேட்டாள். எது நமக்குப் பயன்படும், எது நமக்கு வேண்டாதது என்பதை இதுவரை பிறரே வரையறுத்து வந்துள்ளனர். அவ்வரையறையைப் பிள்ளைகளின் உள்ளத்திலிருந்து அகற்றுவது, புத்தகமும் சீருடையும் வழங்குவதினும் அரிய பணியாகும்.

நல்கை என்பது யாது?

முதற்கண் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். இளங்கலைக்கு மூன்றாண்டு, முதுகலைக்கு இரண்டாண்டு, அதன்பின் நான்கு முதல் ஆறாண்டு வரை உழைத்து முனைவர் பட்டம் என்பது கல்வியின் படிநிலை. பட்டம் பெற்ற பின்னர், நிலையான பேராசிரியர் பணி கிடைக்கும்வரை, ஓராண்டோ ஈராண்டோ மூவாண்டோ ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கி, தாம் தேர்ந்த பொருளை மேலும் ஆராய்வதற்கு வழங்கப்படும் ஊதியமே இந்நல்கை. இது கடனன்று, திருப்பித் தர வேண்டுவதில்லை. கிரேக்க மொழி, வரலாறு, மெய்யியல், கலை, கல்வெட்டு, தொல்லியல் ஆகியவற்றிற்கு இத்தகைய நல்கை வழங்கும் நிறுவனங்கள் உலகில் பல உள. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சீகர் ஹெலனிய ஆய்வு மையமும், வாஷிங்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்தும் ஹெலனிய ஆய்வு மையமும், கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் 1881இல் நிறுவப்பெற்ற அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன.

இது பெரும் பொருள் ஈட்டும் வழி என்று நாம் கூறவில்லை. இடங்கள் சிலவே, போட்டி மிகுதி, நல்கைக் காலம் முடிந்தால் மீண்டும் வேலை தேட வேண்டும். இதனை மறைத்துப் பேசுதல் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்காகும். ஆயின், நூறு பிள்ளைகள் செவிலியராகவும் கணக்கராகவும் ஆசிரியராகவும் ஆகுமிடத்து, ஒரு பிள்ளை இவ்வழிச் செல்லுதலும் வேண்டும் என்பதே நம் கருத்து. அது ஏன் என்பதை இனிக் காண்போம்.

முத்துக் குளித்தவர் யாவர்?

நம் மண்ணின் பழைய வரலாற்றில் ஒரு பகுதி தமிழில் உள்ளது. மற்றொரு பகுதி கிரேக்கத்தில் உள்ளது. இது மிகைக் கூற்றன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் இடைப்பகுதியில், எகிப்து நாட்டிலிருந்து வணிகம் செய்த பெயரறியாக் கிரேக்க மொழியாளர் ஒருவர், "எரித்திரியக் கடலின் பெரிப்புளூஸ்" என்னும் கடல்வழிக் கையேட்டை எழுதினார். முசிறி, குமரி, கொற்கை ஆகிய நம் துறைகள் அதில் இடம்பெறுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தம் நிலநூலில் பாண்டியரின் மதுரையைக் குறித்துள்ளார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசு ஏடு ஒன்று வியன்னா நகரிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. 1985இல் அது அச்சேறியது. முசிறிக்குச் செல்லும் வணிகத்தின் பொருட்டுப் பெற்ற கடன் பற்றிய உடன்படிக்கை அதன் ஒரு பக்கத்திலும், "ஹெர்மபோலோன்" என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற யானைத் தந்தம், நறுமணச் சடாமாஞ்சி முதலியவற்றின் மதிப்பு மறுபக்கத்திலும் கிரேக்கத்தில் எழுதப்பட்டுள்ளன.

பெரிப்புளூஸ் நூலில் கொற்கையைப் பற்றிய ஒரு குறிப்பை இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அங்கே முத்துக்குளிப்பு நடைபெறுகிறது என்று கூறும் ஆசிரியர், அத்தொழில் தண்டனை விதிக்கப்பட்டோரைக் கொண்டு நடத்தப்படுகிறது என்பதையும் கூறுகின்றார். கிரேக்கத்தில் அது ஒரே ஒரு சொல். பாண்டிய நாட்டு முத்தின் பெருமையைப் புகழாதார் இல்லை. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவர் எந்நிலையினர் என்பதையோ, ஊர் பேர் தெரியாத அயல்நாட்டு வணிகர் ஒருவர் ஒரு சொல்லில் குறித்து வைத்தார்.

அச்சொல் குற்றவாளியைத்தான் குறிக்கின்றதா? கடன்பட்டோரையும் அடிமைப்பட்டோரையும் குறிக்கக் கூடுமா? அக்காலத் தண்டனை முறை யாது? எழுதியவர் நேரிற் கண்டாரா, கேட்டறிந்தாரா? இக்கேள்விகளைத் தொடுக்க வேண்டுமாயின் மூலமொழி தெரிதல் வேண்டும். மொழிபெயர்ப்பைப் படிப்பவர் மொழிபெயர்ப்பாளர் கண்டதையே காண்பர். அந்நூலுக்குத் தலைமையான கைப்படி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உள்ளது. அயல்நாட்டு நல்கை எதற்கு என்று கேட்போர்க்கு இதுவே விடை. ஏடு அங்கே இருக்கின்றது. அதனைப் படிக்கக் கற்பிப்போர் அங்கே உளர். ஒப்பிட்டுப் பார்க்கும் நூல்களும் அங்கே உள.

நம் வட்டாரத்தார்க்கு இவ்வொரு சொல்லின் பொருள் விளக்காமலே விளங்கும். நாடு முழுவதும் தீபாவளி இரவில் வானத்து ஒளியைக் கண்டு மகிழ்கின்றது. திரி சொருகியவர் யாவர், மருந்து அடைத்தவர் யாவர் என்று கேட்பார் இலர். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஆசிரியர் தினம் என்பதை நம் போன்ற ஆசிரியர் எவரும் மறத்தற்கியலாது. உழைப்பின் விலையைக் கண்டறிந்த இனத்தில் பிறந்த ஒரு பிள்ளை அப்பழைய கிரேக்க வரியைப் படிக்குமாயின், பிறர் கண்ணுக்குப் படாதது அப்பிள்ளையின் கண்ணுக்குப் படும். அதுவே ஆராய்ச்சிக்கு நாம் கொண்டு செல்லும் சீர்வரிசை.

வெம்பக்கோட்டையை எண்ணிப் பாருங்கள். வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அகழ்ந்து, சங்கு வளையல்களையும் மணிகளையும் சுடுமண் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தது. சங்கை அறுத்து வளையல் செய்த கைகள் ஏதோ ஒரு குடியின் கைகள். செங்கடற்கரையில், எகிப்து நாட்டுக் குசெய்ர் அல்-காதிம் என்னுமிடத்தில் கிடைத்த பானையோடுகளில் "கணன்", "சாதன்" என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சாத்தூரின் பெயரைக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அப்பெயர் அயலன்று. கடல் கடந்த எளிய மனிதரின் கதை இங்கே பாதியும் அங்கே பாதியுமாகக் கிடக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வல்லார் மிகச் சிலரே.

இன்னும் ஒரு சான்று. ஏழாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் நகரைக் காத்த "கிரேக்க நெருப்பு" என்னும் எரிபடையைப் பற்றித் தியோபனீஸ் என்னும் வரலாற்றாசிரியர் கிரேக்கத்தில் எழுதியுள்ளார். அதன் கலவை மறைபொருளாகக் காக்கப்பட்டு, பின் மறைந்தொழிந்தது. வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் எவ்வாறு எரியும் என்பதைத் தாய் தந்தையர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அவ்வரலாற்றை ஆராயும் தகுதி இல்லை என்று யார் கூற முடியும்?

தடையைத் தகர்த்தவர்கள்

கிரேக்கம் கற்றலை மனிதத் தகுதிக்கே அளவுகோலாக வைத்த காலமும் இருந்தது. அடிமை முறையைத் தாங்கி நின்ற ஜான் கால்ஹூன் என்னும் அமெரிக்க அரசியல் தலைவர், கிரேக்க இலக்கணம் அறிந்த கறுப்பர் ஒருவரைக் கண்டால் அவ்வினத்தாரை மனிதர் என ஒப்புவேன் எனும் கருத்துப்படப் பேசியதாக அலெக்சாந்தர் கிரம்மெல் என்னும் கறுப்பினப் பெரியார் கூறியுள்ளார். கறுப்பர்க்குக் கல்லூரிக் கதவுகளை அடைத்துவிட்டு, கிரேக்கம் தெரியவில்லையே என்று பழித்த கொடுமையை என்னென்பது! கிரம்மெல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்று 1853இல் பட்டம் பெற்றார்.

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ என்பார் 1852இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் அங்கே சட்டப்படி குற்றம். விளையாடச் செல்வது போலப் புத்தகத்தை மறைத்து எடுத்துச் சென்று அச்சிறுவர் படித்தார். 1881இல், தம் இருபத்தொன்பதாம் அகவையில், "கிரேக்க முதற்பாடங்கள்" என்னும் பாடநூலை எழுதி வெளியிட்டார். பின்னர் வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். ஏதென்ஸ் ஆய்வுப் பள்ளிக்கு வருமாறு ஊக்கப்படுத்தப்பட்டும், செலவுக்குப் பணம் திரட்ட இயலாமையால் அவர் செல்ல முடியாமற் போயிற்று. இன்று அதே பள்ளி அவர் பெயரால் ஒரு நல்கையை வழங்குகின்றது. அறிவுக்குக் குறைவில்லை, வழிச்செலவுக்கே குறை என்னும் நிலையில் ஒரு வாழ்நாள் வாய்ப்பு நழுவியது. இதனை நெஞ்சில் நிறுத்துங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

அண்ணல் அம்பேத்கர் வரலாறும் இதனையே கூறும். பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் சென்றார். 1916இல் இலண்டன் சேர்ந்தார். உதவிக்காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். தம் சேமிப்பும், கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் ஒருவரின் கடனும் கைகொடுக்க, 1920இல் மீண்டும் சென்று 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். இடையில் நின்ற படிப்பு மீண்டும் தொடராது போயிருப்பின் நம் நிலை என்னவாகியிருக்கும்?

அவ்வண்ணல் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் கிரேக்க அறிஞர் பிளேட்டோவை எதிர்கொள்கின்றார். மக்களை மூவகையாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொழிலை வகுத்த பிளேட்டோவின் கொள்கை நால்வருணத்தை ஒத்தது என்றும், ஒவ்வொரு மனிதரும் தனித்தன்மை உடையவராதலின் இத்தகைய கூண்டுகளில் அவர்களை அடைத்தல் இயலாது என்றும் மறுக்கின்றார். சிலர் இயல்பாகவே அடிமைகள் என்று எழுதிய அரிஸ்டாட்டிலும் அம்மொழியினரே. உலகம் போற்றும் அந்நூல்களில் உயர்வும் உண்டு. நம்மை ஒத்தாரைத் தாழ்த்திய வாதமும் உண்டு. போற்றற்குரியதைப் போற்றவும் மறுத்தற்குரியதை மறுக்கவும், மூலத்தைப் படித்த நம்மவர் வேண்டும்.

வழி யாது?

இனி, செயலுக்கு வருவோம். கிரேக்க எழுத்துகள் இருபத்து நான்கு. ஆல்பா, பீட்டா, தீட்டா, பை எனக் கணக்கிலும் இயற்பியலிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் எழுதுகின்றனர். எஞ்சியவற்றைக் கற்க ஒரு வாரம் போதும். இலக்கணம் கடினமே, எனினும் வேற்றுமையும் வினைமுற்றும் நிறைந்த தமிழைக் கற்றவர்க்கு அது அஞ்சத்தக்கதன்று. கிளாஸ்கோவில் கிரேக்கம் பயின்ற கால்டுவெல், நம் தென்பாண்டிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நெல்லரிசிக்குரிய கிரேக்கச் சொல் நம் "அரிசி"யிலிருந்து பிறந்தது என்றார் அவர். ஈரானிய மொழி வழியாகச் சென்றது என்பர் பிற்காலத்தார் பலர். இத்தகைய வழக்குகளில் இரு மொழியும் அறிந்தவரே நடுநின்று தீர்ப்புரைக்க இயலும்.

முதலாவதாக, வரலாறு, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுள் ஒன்றை இளங்கலையில் எடுத்துச் சிறப்பாகத் தேர்தல் வேண்டும். வரலாற்றுப் படிப்பு வீண் என்று கூறிப் பிள்ளையை மனந்தளரச் செய்யாதீர்கள். இரண்டாவதாக, புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கமாதலின், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் அம்மொழி அறிந்த ஆசிரியர் உளர். அவர்களை அணுகி வழி கேட்கலாம். மூன்றாவதாக, முதுகலையிலோ முனைவர் பட்டத்திலோ அயல்நாடு செல்லுதல் வேண்டும். கிரேக்கம் முன்னரே அறியாதாரையும் சேர்த்து அடிப்படையிலிருந்து கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்தில் உள்ளன. நான்காவதாக, ஜெர்மன், பிரெஞ்சு ஆகியவற்றுள் ஒன்றைப் படித்தறியும் அளவுக்கேனும் கற்றல் நலம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல அம்மொழிகளில் உள்ளன.

பொருளுதவிக்கு வழிகள் உள. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து ஆதிதிராவிட மாணவர்க்கு வழங்கப்பட்டு வருவது. நம் மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவுகின்றது. ஒன்றை மட்டும் அறிந்திருங்கள். 2022இல் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமுதாயம் பற்றிய ஆய்வுகளுக்கு அயல்நாட்டு உதவித்தொகை இல்லை என்னும் விதி சேர்க்கப்பட்டது. தம் மக்களின் வரலாற்றை அயல்நாட்டில் ஆராய விரும்பிய நம் மாணவர்க்கு அது பேரிடியாயிற்று. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தல் ஒருபுறம் நிற்க, கிரேக்க மொழியும் வரலாறும் கற்கச் செல்வார்க்கு அவ்விதியின் சொற்கள் குறுக்கே நிற்பன அல்ல. எனினும் விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

முனைவர் பட்டம் பெற்றபின் நல்கைக்கு விண்ணப்பிக்குங்கால், பொதுவாகக் கேட்கப்படுவன நான்கு: தன்விவரக் குறிப்பு, ஆய்வுத் திட்டம், எழுதிய கட்டுரை ஒன்று, பேராசிரியர்களின் பரிந்துரை மடல். இவற்றுள் ஆய்வுத் திட்டமே உயிர்நாடி. "கிரேக்கரும் தமிழரும்" என்று அகலமாக எழுதினால் பயனில்லை. "கொற்கை முத்துக்குளிப்போரைக் குறிக்கும் சொல்லும் உரோமப் பேரரசின் தண்டனைத் தொழிலும்" என்று ஒரு கேள்வியைக் கூர்மையாக வைத்தல் வேண்டும். பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் வரையறையும் பல இடங்களில் உண்டு.

சங்கத்தின் கடமை

ஸ்கார்பரோவிடம் மீண்டும் வருவோம். அவரைத் தடுத்தது வழிச்செலவு. நம் பிள்ளைக்கும் இடம் கிடைத்த பின்னர் வரும் தடைகள் சிறியனவே. ஆயின் கொல்வன அவையே. கடவுச்சீட்டு, ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசா, குளிருடை, முதல் மாத உதவித்தொகை கைக்கு வரும்வரை ஆகும் செலவு, பிள்ளையின் கூலியை நம்பியிருந்த வீட்டின் அடுப்பு. கந்துவட்டிக்கு வாங்கி இவற்றைச் சமாளிக்கும் குடும்பம், உதவித்தொகை வந்த பின்னும் தலைநிமிர இயலாது.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு மண்டபம் ஒன்று கட்டலாம் என்பது நம் பெரியோர் சிலர் கருத்து. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிறர் மண்டபம் தர மறுத்த நாள்களை நம் மூத்தோர் மறந்திலர். எனினும், நிதியில் ஒரு பகுதியை வழிச்செலவு நிதியாக ஒதுக்குமாறு பொதுக்குழுவை இருகை கூப்பி வேண்டுகின்றோம். கிரேக்கம் படிப்போர்க்கு மட்டுமன்று. எத்துறையாயினும் அயல்நாட்டில் இடம் பெற்ற நம் பிள்ளைக்கு வட்டியின்றி உடனே வழங்கி, வேலை கிடைத்தபின் திரும்பப் பெறும் சுழல்நிதியாக அது அமையட்டும். பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் அளியுங்கள். படிப்பை நிறுத்தித் திருமணம் செய்விப்பதற்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தால் போதும்.

சிவகாசியின் வரலாற்றையே பாருங்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வறண்ட கரிசல் நிலம் தொழில் நகரமாயிற்று. வெளியூர் சென்று கற்று வந்தவர் முதலாளியாயினர். செல்லும் வாய்ப்பே இல்லாதிருந்த நாம் கூலிகளானோம். சிவகாசிச் சிறுவர் உழைப்பு பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆலைக்குள் இருக்கும் குழந்தையின் இடம் பள்ளிக்கூடமே என்பதை நாடறியச் செய்தது. ஆலையிலிருந்து பள்ளிக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகளே இன்று நம்முன் அமர்ந்திருக்கின்றீர்கள். பள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு செல்வது என்பதை இனி நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

அம்மாணவிக்கு நாம் கூறிய விடையையே அவைக்கும் கூறி அமைகின்றோம். ஆம் அம்மா, நம்மைப் போன்றோர் படிப்பதற்கே அது இருக்கின்றது. முத்துக் குளித்தவரைப் பற்றிய அவ்வொரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கின்றது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து அதனைப் படிக்கட்டும்.

 வளர்க கல்வி! ஓங்குக நம் ஒற்றுமை!